ஆனை திரும்ப மாட்டேங்குதாம்

ஏலே மருமவனே, துபாய்ல இருந்து நீ அனுப்புன வீடியோவைப் பாத்தேன். மூணு நிமிச வீடியோவுல ரெண்டரை நிமிசம் உன் மூஞ்சிதான் இருக்கு. மிச்ச அரை நிமிசம் வீலைப் பிடிச்சிக்கிட்டு முக்குத. பவர் ஸ்டீயரிங்னு பேரு வச்ச போட்டுல இப்படி முக்குத ஒரே ஆளு எங்க அக்கா மவன்தான்னு உங்க அத்தைகிட்ட காட்டுனேன். அவ, "பிள்ளை கருத்துப் போயிட்டானே"ன்னு கண்ணைத் தொடைச்சிக்கிட்டா. வீல் இறுகிக் கெடக்கது அவ கண்ணுல படவே இல்ல. அவளை விடு, மெக்கானிக்குன்னு சம்பளம் வாங்குத உன் கண்ணுல என்ன பட்டுச்சு?

பொறவு ஒரு வாய்ஸ் மெசேஜ். "மாமா, பம்ப் போயிட்டு. புது பம்ப் வேணும்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்." எங்கலே போச்சு? போகும்போது உன்கிட்ட சொல்லிட்டா போச்சு? கெழவி ரெண்டு தும்மல் போட்டதும் பாடைக்கு மூங்கில் வாங்க ஓடுத ஆளுலே நீ. கூடவே போட்டோ நாலு அனுப்பியிருக்க. அதைப் பத்திப் பொறவு பேசுவோம்.

நான் ஒண்ணும் பெரிய இஞ்சினீயர் இல்ல. எட்டாங்கிளாஸ். தெரேஸ்புரத்துல வள்ளத்துல சுக்கான் பிடிச்சுக்கிட்டு இருந்தவன். நம்ம வள்ளத்துல சுக்கான் இறுகுச்சுன்னா காரணம் ரெண்டுதான். வலை சிக்கியிருக்கும், இல்லன்னா பிடிச்சிருக்கவன் நேத்து ராத்திரி ஊத்தியிருப்பான். அதுக்குப் பொறவு இருபத்திரண்டு வருசம் அந்த வளைகுடாவுல ஒரு யார்டுல கெடந்தேன். பேரு வேண்டாம், முதலாளி இன்னும் நல்லா இருக்காரு. எஞ்சின் பெட்டிக்குள்ள தலைகீழாத் தொங்குததுதான் என் சோலி. வெளிய தெரியுத ரெண்டு பாதத்தை வச்சே "இது தூத்துக்குடிக்காரன்"னு கண்டுபிடிப்பானுவ. பித்தவெடிப்பு அப்படி.

உன் முதல் வீடியோவுல எஞ்சின் சத்தமே இல்லை. பக்கத்து போட்டுல எவனோ பாட்டுப் போட்டிருக்கது மட்டும்தான் கேக்குது. கோட்டிப்பயலே, பம்பை ஓட்டுதது எஞ்சின்ல இருந்து வாற பெல்ட்டு. எஞ்சின் நின்னா பம்பும் நிக்கும், வீலும் கனமாத்தான் இருக்கும். நடுக்கடல்ல பெல்ட்டு அறுந்தாலும் அப்படித்தான். கேபிள் பாட்டுக்குக் கேபிள் இருக்கதால கை வலிக்கத் திருப்பிக் கரை சேந்துரலாம். நீ அடுப்பைப் பத்த வைக்காம இட்லி வேகலைன்னு வீடியோ எடுத்திருக்க. நல்லவேளை, ரெண்டாவது வீடியோவுல எஞ்சின் ஓடுது, அப்பவும் கனமா இருக்கு. சரி, நோவு நெசந்தான். வைத்தியத்துக்கு வருவோம்.

இந்த ஸ்டெர்ன் டிரைவ் இருக்கே, அது திண்ணையில உக்காந்துக்கிட்டு காலை மட்டும் தெருவுல தொங்கப் போட்ட மனுசன் மாதிரி. எஞ்சின் போட்டுக்குள்ள, பின்பலகையை ஒட்டி உக்காந்திருக்கும். காலு வெளிய தண்ணியில. ஜிம் வின்னுன்னு ஒரு அமெரிக்காக்காரன் மூளையில உதிச்ச யோசனை. சுவீடன் நாட்டு வால்வோ பென்டாக்காரன் அதை வாங்கி 1959-ல அக்வாமாட்டிக்னு நியூயார்க்கு போட் ஷோவுல கொண்டாந்து நிறுத்துனான். அதைப் பாத்துட்டு மெர்க்குரிக்காரன் சும்மா இருப்பானா? 1961-ல மெர்க்ரூசர் வந்துட்டு. நீ முக்கிக்கிட்டு இருக்கது அந்த ரெண்டாவது வீட்டுப் பிள்ளை. இதுக்குச் சுக்கான் கெடையாது, காலையே திருப்பணும். சுத்துத விசிறியோட அந்தக் காலைத் திருப்ப ஒத்த ஆளு தெம்பு பத்தாதுன்னுதான் எண்ணெயை அழுத்தித் தள்ளுத ஏற்பாடே வச்சிருக்கான்.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யுதுன்னு உனக்கு எவனும் சொல்லித் தரலை போல. கோயில் ஆனை மேல பாகன் உக்காந்திருக்கதைப் பாத்திருக்கல்லா? காதுக்குப் பின்னால கால் விரலால ஒரு தட்டுதான் தட்டுவான், அம்மாம் பெரிய ஒடம்பு திரும்பும். அவன் தள்ளியா திருப்புதான்? சாடை காட்டுதான், அவ்வளவுதான். உன் வீல்ல இருந்து பின்னால போற கேபிள்தான் பாகன். பின்பலகை ஓரமாப் படுத்துக் கெடக்க பிஸ்டன்தான் ஆனை. நீ வீலைத் திருப்புனதும் கேபிளோட உள்கம்பி காலைத் தள்ளப் பாக்கும். காலு நவுராது. உள்கம்பி முன்னால போக முடியாட்டா மேலுறை பின்னால ஒதைக்கும்ல்லா? ரொம்ப இல்ல, கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சூண்டு ஒதையிலதான் அங்க இருக்க வால்வு திறக்கும். வால்வு திறந்தாத்தான் பம்ப் அழுத்துத எண்ணெய் பிஸ்டனுக்குப் போவும். ஆனை காலெடுத்து வைக்கும்.

அதனால மேலுறை அசையணும்லே. அது அசையாட்டா, பம்பைத் தங்கத்துல செஞ்சு மாட்டுனாலும் சும்மா சுத்திக்கிட்டுதான் கெடக்கும்.

இதுல ஒரு கதை இருக்கு. நான் போன புதுசு. ஒரு பெரிய மனுசனோட போட். புது ஸ்டீயரிங் கேபிள் மாட்டி, பளபளன்னு தொடைச்சுக் குடுத்தோம். மறுநாளே திரும்பி வந்துட்டு. வீல் கனமாம். நம்ம ஆளுவ உன்னை மாதிரிதான், நேரா பம்புல கையை வச்சானுவ. மாத்துனோம், அப்பவும் கனம். பொறவு பிஸ்டனை வால்வோட சேத்து மொத்தமா மாத்துனோம், அப்பவும் கனம். துட்டு யாரு துட்டு? யார்டு துட்டு. மூணாம் நாளு முதலாளி வாயில இருந்து வந்த அரபு வார்த்தை ஒண்ணு கூட எங்களுக்குப் புரியலை, ஆனா நல்லாப் புரிஞ்சிட்டு. அன்னைக்கு ஒரு கோவாக்கார மேஸ்திரி வந்தாரு. டீ கிளாஸைக் கீழ கூட வைக்கலை. ஒரு கையில டார்ச் அடிச்சு எஞ்சின் பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு. கிளாஸை என் கையில குடுத்துட்டு வெட்டுக் குறடு கேட்டாரு. டக், டக், டக். மூணு பிளாஸ்டிக் டேக். கேபிள் பின்பலகைக்குப் போற இடத்துல அதை ஒயர்க் கட்டோடயும் ஹோஸோடயும் சேத்து, பிள்ளைக்குச் சடை பின்னி ரிப்பன் கட்டுன மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தான் ஒருத்தன். வெட்டி விட்டுட்டு எஞ்சினை ஓட்டுனா, வீல் சுண்டு விரல்ல சுத்துது.

மூணு நாளா பாகன் காலைக் கட்டிப் போட்டுட்டு ஆனைக்கு வைத்தியம் பாத்திருக்கோம். "கட்டுனது யாரு"ன்னு மேஸ்திரி கேட்டாரு. ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நானும் திறக்கலை, இன்னைக்கு வரைக்கும் திறக்கலை. ஆனா கட்டு மட்டும் அவ்வளவு லெச்சணமா இருந்துச்சு, அதைச் சொல்லாம இருக்க முடியாது.

இதைக் கேட்டதும் குறடைத் தூக்கிக்கிட்டு ஓடாத. முதல்ல குத்தவாளி யாருன்னு பிரிச்சுப் பாரு. போட்டைத் தண்ணியை விட்டு வெளிய எடுத்து டிரெய்லர்ல நிறுத்து. எஞ்சினை அணைச்சு, சாவியை எடுத்துப் பையில போடு. கேபிள் முனையைப் பிஸ்டன் தண்டோட கோத்திருக்க பின்னைக் கழட்டு. கழட்டுததுக்கு முந்தி அடியில ஒரு துணியை விரி. பில்ஜ்ல விழுந்த பின் திரும்பி வந்ததா சரித்திரமே கெடையாது. இப்போ மேல போய் வீலைச் சுத்து. கனமா இருந்தா குத்தம் கேபிள்லயோ, வீலுக்குப் பின்னால இருக்க பல்லுப் பெட்டியிலயோ இருக்கு. லேசா இருந்தா அவனுவ ரெண்டு பேரும் யோக்கியன். அடுத்தாப்ல பிஸ்டனையும் ஸ்டீயரிங் கையில இருந்து விடுவிச்சிட்டு, வெளிய போய் டிரைவை ரெண்டு கையாலயும் பிடிச்சு இடமும் வலமுமா ஆட்டிப் பாரு. எண்ணெய் போட்ட கதவு மாதிரி போய்ட்டு வரணும். கரகரன்னு சிக்குனா கிம்பல் ரிங்கு, அதைத் தாங்குத தண்டு, அதோட புஷ்ஷூ, இதுகள்ல ஏதோ ஒண்ணு துரு பிடிச்சிருக்கு. மேல் தண்டோட சீல் வழியா உப்புத்தண்ணி உள்ள கசிஞ்சு, சொட்டுச் சொட்டா ஸ்டீயரிங் கை மேல விழுந்து அதை அரிச்சுத் தின்னும். அந்த இடத்துக்குக் கை போகணும்னா எஞ்சினையே தூக்கணும்பானுவ. அந்த ஆட்டத்துக்கு நீ தனியா இறங்காத, மேஸ்திரியைக் கூப்பிடு.

பின்னைக் கழட்டுததுக்கு அரை மணி நேரம். பம்ப் மாத்த அரை நாள். ஆனா பம்ப் மாத்துனா பில்லுல எழுதலாம், பின்னைக் கழட்டிப் பாத்தேன்னு எழுத முடியாது. உன் மேல மட்டும் குத்தம் சொல்லலை. வெலை கூடுன சாமான் மேலதான் எல்லாருக்கும் முதல்ல சந்தேகம் வருது. கல்யாண வீட்டுல நகை காணாமப் போனா தேடுத மாதிரி அண்டாவைத் தேட மாட்டானுவ.

கேபிள்தான் குத்தவாளின்னு ஆச்சுன்னா அதிசயப்படாத. உப்பளத்து ஊருல பொறந்தவன் நீ, உப்பைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? நம்ம கடல்ல லிட்டருக்கு 35 கிராமை ஒட்டி உப்பு. அந்த வளைகுடாவுல 40 கிராம் இருக்கும். நெல்லிக்காயைப் போட்டா ஊறுகாய் ஆயிரும். கேபிள் முனைக்கு உப்பு ஏறி, உள்கம்பி துரு பிடிச்சு வீங்கிட்டா பொறவு எண்ணெய் தடவி, சூடு காட்டி, சாமி கும்பிட்டு ஒண்ணும் ஆகாது. புதுசுதான் மாட்டணும். நல்ல கேபிளுக்குக் கிரீஸ் போடுததுலயும் ஒரு முறை இருக்கு. வீலைத் திருப்பி, உள்கம்பி முழுக்க உறைக்குள்ள போன பொறவுதான் கிரீஸ் கன்னை வைக்கணும். நீட்டிக்கிட்டு இருக்கும்போது அடிச்சன்னா உள்ள கிரீஸ் நெறஞ்சு, கம்பி திரும்பிப் போக வழியில்லாமப் பூட்டிக்கும். நல்லா இருந்த மனுசனுக்கு ஊசி போட்டுக் காலை வாங்குத கதைதான்.

கேபிளும் டிரைவும் யோக்கியன்னு தெரிஞ்சா, பின்னுகளை எல்லாம் மாட்டிட்டு எண்ணெய்க்கு வா. பம்ப் தலையில இருக்க டப்பா மூடியிலயே குச்சி இருக்கும். டிரைவை நேரா வச்சு, எஞ்சினை அணைச்சிட்டுப் பாரு. சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு. எண்ணெய் செவப்பாத் தெளிவா இருந்தா நல்லது. நொரையா இருந்தா எங்கயோ காத்து ஏறியிருக்கு, பம்ப் முனகிக்கிட்டே இருக்கும். ரோஸ் மில்க் மாதிரி இருந்துச்சுன்னா சோலி முடிஞ்சிது, தண்ணி கலந்துட்டு. எண்ணெயைக் குளிர வைக்குத கூலருக்குள்ள கடல் தண்ணியும் எண்ணெயும் ஒரே வீட்டுல சொவரு வச்சுக் குடியிருக்குத அண்ணன் தம்பி மாதிரி. சொவருல ஓட்டை விழுந்தா ரெண்டும் கலந்துரும். அதே கூலர் வாயில பாசியும், பழைய இம்பெல்லர் உதுத்த ரப்பர் துண்டும் வந்து அடைச்சுக்கும். எஞ்சின் கொதிக்குதுன்னு நீ தெர்மோஸ்டாட்டைத் திட்டிக்கிட்டு இருப்ப, அடைப்பு இங்க இருக்கும்.

எண்ணெய் கொறைஞ்சிருந்தா எஞ்சின் புத்தகத்துல போட்டிருக்கதை ஊத்து. பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். எண்ணெய் ஒத்துக்கிடும். கையில இருக்குன்னு பிரேக் ஆயிலை ஊத்திராத, சீல் எல்லாம் ஊறி உப்பிப் போவும். ஊத்துன பொறவு காத்தை வெளியேத்தணும். எஞ்சினைப் போடாம வீலை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நாலஞ்சு தடவை சுத்து. கொறைஞ்சா ஊத்து. பொறவு எஞ்சினை ஓட விட்டு அதே மாதிரி சுத்து. கோடியில கொண்டுபோய் வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்காத, எண்ணெய் கொதிச்சுப் பம்பு முக்கும். அப்புறம் நெசமாவே உனக்குப் புது பம்ப் வேண்டி வரும். ஆசைப்பட்டது கெடைச்சிரும்.

எஞ்சினை ஓட்டுன்னு சொன்னேன்ல்லா, டிரெய்லர்ல நிக்கும்போது டிரைவோட காதுல தண்ணி ஹோஸை மாட்டாம ஓட்டிராத, இம்பெல்லர் கருகிரும். பெட்ரோல் எஞ்சின், அதனால ஸ்டார்ட் பண்ணுததுக்கு முந்தி நாலு நிமிசம் புளோயரை ஓட விடு. மூடியைத் திறந்து மோந்தும் பாரு. சார்ஜாவுல பழைய காரு சாமான் மலிவாக் கெடைக்குன்னு போன மாசம் பெருமை அடிச்சியே, காரு ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் இதுல கொண்டாந்து மாட்டிராத. போட்டுக்குன்னு செய்யுதது பொறி வெளிய வராத மாதிரி மூடிச் செஞ்சிருக்கும். காருல பெட்ரோல் ஆவி காத்தோட போயிரும். போட்டுல அடியிலயே தங்கி, உன்னை மாதிரி ஒருத்தன் சாவி திருப்புததுக்காகக் காத்துக்கிட்டு கெடக்கும்.

பெல்ட்டை மறந்துட்டேன் பாரு. நடுவுல கட்டை விரலால அமுக்கு. பழைய வகை வி-பெல்ட்டா இருந்தா கால் இஞ்சி, அதாவது 6 மில்லிமீட்டர் அமுங்கலாம். தொட்டில் கயிறு மாதிரி தொய்ஞ்சா, திருப்பும்போது கிறீச்சுன்னு கத்தும்.

ரெண்டு பக்கமும் கனமா, ஒரு பக்கம் மட்டுமா? அதை நீ சொல்லவே இல்ல. ஓடும்போது ஒரு பக்கம் மட்டும் இழுக்குன்னா எண்ணெயைக் குத்தம் சொல்லாத. ஒத்தை விசிறி டிரைவ் அப்படித்தான் இழுக்கும். விசிறிக்கு மேல, தகட்டுக்கு அடியில வால் மாதிரி ஒரு துண்டு இருக்கும். பின்னால நின்னு பாத்து, போட் எந்தப் பக்கம் லேசாத் திரும்புதோ அந்தப் பக்கமா அந்த வால் நுனியை நவுத்தி முடுக்கு. அந்தத் துண்டேதான் பல டிரைவுல துருவுக்குப் பலி குடுக்குத ஆடு. டிரைவுக்குப் பதிலா அது கரைஞ்சு போறதுக்குன்னு வச்சிருக்கான். அழகு பாக்கேன்னு அதுக்குப் பெயின்ட் அடிச்சிராத. அடிச்சிருப்ப. உன் கை எனக்குத் தெரியும்.

வெயில்ல நின்னு இதெல்லாம் செய்யாத. ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30 மணியில இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அந்த நாட்டுச் சட்டமே இருக்கு. எஞ்சின் பெட்டிக்குள்ள தலையை விட்டுட்டா நெழலுன்னு எவனாவது சொன்னா, அவனை உள்ள இறங்கச் சொல்லு. ஓனர்கிட்ட இப்பவே போய், "பம்ப் ஆர்டரை ரெண்டு நாளு நிறுத்தி வைங்க, இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு"ன்னு சொல்லு. வெக்கமா இருந்தா ஊருல மாமனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஆரம்பி, பொறவு பேச்சை மாத்து.

போட்டோவைப் பத்திப் பொறவு பேசுவோம்னு சொன்னேன்ல்லா. போன வாரம் அந்த போட்டுக்குப் புது ஸ்பீக்கர் மாட்டுனேன், ஒயரெல்லாம் எவ்வளவு நீட்டாக் கட்டியிருக்கேன் பாருங்க மாமான்னு மூணாவதா ஒரு போட்டோ அனுப்பியிருக்க. நீட்டாத்தான் இருக்கு. அந்தக் கை உனக்கு எந்த வழியில வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், உங்க அம்மைகிட்ட கேக்காத. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலால பெருசாக்கிப் பாத்தேன். ஸ்பீக்கர் ஒயரை ஸ்டீயரிங் கேபிளோட சேத்துக் கட்டியிருக்க. டேக்கை எண்ணுனேன். ஏழு.